ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் தன்னார்வலர் சேவை: ஒரு கிராமப் பள்ளியின் மதிப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டம் இராயக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் அரசு நடுநிலைப்பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து, 2025 மே மாதம் பணி ஓய்வு பெற்றேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு நிறுவனங்களின் ஊழியர்கள் தன்னார்வலர்களாக எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். முதல் மூன்று நிறுவனங்களின் வருகை ஒவ்வொன்றும் ஒரே நாளில் முடிந்தது. நான்காவதாக வந்தது ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இயங்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் குழு. 2022 ஆகஸ்டில் தொடங்கிய அந்தச் சேவை, மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் என்ற கணக்கில் மூன்று கல்வியாண்டுகள் நடந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் நடக்கிறது. இந்த மதிப்பீடு அந்த நான்காவது சேவையைப் பற்றியது. முதல் மூன்றையும் ஒப்பிடுவதற்காகவே சேர்த்துக்கொள்கிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினருக்கும் பெயரைவிட வேலை நடந்த விதம் பயன்படும் என்று நம்புகிறேன்.

முன்னதாக வந்தவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூனில், உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி ஒரு நிறுவனத்தார் பேருந்தில் வந்து நூறு மரக்கன்றுகள் நட்டார்கள். எங்கள் பகுதியில் ஜூன் மாதம் மண் காய்ந்து கிடக்கும் காலம். நல்ல மழை ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் வரும். வேலியும் இல்லை, தண்ணீர் ஊற்ற ஏற்பாடும் இல்லை. ஆடி முடிவதற்குள் ஆடுகள் மேய்ந்தது பாதி, காய்ந்தது மீதி. மறு ஆண்டு வந்த வேறொரு நிறுவனம் சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசி, ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஒன்றை நன்கொடையாக நிறுவிக் கொடுத்தது. அந்த இயந்திரத்தின் கதையைப் பின்னால் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் என் மதிப்பீட்டில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் அமைகிறது.

மூன்றாவது வருகை 2022 மார்ச்சில் நடந்தது. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியிருந்த நேரம். வாய்ச் சுகாதார விழிப்புணர்வு முகாம் என்று அறிவித்து, முப்பதுக்கும் மேற்பட்ட இளம் ஊழியர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பற்பசையும் பிரஷ்ஷும் கொடுத்தார்கள். அவர்களிடம் அன்பு இருந்தது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாடினார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் பேசிய ஒருவர், பழுப்பு நிறப் பற்களைச் சுட்டிக்காட்டி, ஒழுங்காகப் பல் துலக்காவிட்டால் இப்படித்தான் கறை படியும் என்று சொன்னார். எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பற்கள் அப்படித்தான் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கருங்கல் பாறைகளுக்கு அடியில் தேங்கும் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுதி. பற்சிப்பி உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை, அந்த நீரைத் தொடர்ந்து குடிக்கும் பிள்ளைகளுக்கு நிலைப்பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் உண்டாகின்றன. அந்த நிறம் பற்சிப்பியிலேயே அமைந்துவிடுவதால் எவ்வளவு துலக்கினாலும் போகாது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண், வகுப்பில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கும் பெண், அன்றைய தினத்துக்குப் பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அவளைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, இது உன் தவறு இல்லை, தண்ணீரின் தவறு என்று புரியவைக்க எனக்குப் பல நாட்கள் பிடித்தன. ஃபுளோரைடு கலந்த பற்பசையைச் சின்னஞ்சிறு பிள்ளைகள் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அன்று யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். விருந்தினர் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதே நாளில் அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரியாணிப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாததால், சத்துணவுக் கூடத்தில் சமையலர் அம்மா வடித்துவைத்த சோறும் அவித்த முட்டையும் மீந்துபோயின. உணவை வீணாக்காமல் ஊருக்குள் கொடுத்துவிட்டோம். ஆயினும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

இவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. எங்களிடம் எதையும் கேட்காமல் வந்தார்கள், மறுபடியும் வரவில்லை என்ற இரண்டுதான் குறை. நான்காவது குழு இந்த இரண்டிலும் மாறுபட்டிருந்தது.

அந்தக் குழு வந்த விதமே வேறு. 2022 ஜூலையில் ஒருநாள் காலை, பிரார்த்தனைக் கூட்டம் முடிந்த நேரத்தில், தொழிற்சாலைச் சீருடையோடு ஓர் இளைஞர் பள்ளி வாசலில் நின்றார். இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்திருந்தார். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, ஓசூரில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர். தங்கள் தொழிற்சாலையில் தன்னார்வச் சேவைக்கு ஊழியர்களின் பெயர் கேட்பதாகவும், எங்கே போவது என்று யோசித்தபோது தன் பள்ளி நினைவுக்கு வந்ததாகவும் சொன்னார். "டீச்சர், என்னென்ன ரிப்பேரா இருக்குதுன்னு ஒரு லிஸ்ட் குடுங்க, போதும்" என்றார். என் பணிக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்த ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

பட்டியல் நீளமாக இருந்தது. ஆர்.ஓ. இயந்திரம், இரண்டு மின்விசிறிகள், பெண்கள் கழிப்பறையின் குழாய், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், இயங்காத இரண்டு கணினிகள், கீல் பெயர்ந்த ஜன்னல்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற்றோம். ஆகஸ்டில் முதல் சனிக்கிழமை ஆறு பேர் தங்கள் கருவிப் பைகளோடு மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். பேனர் இல்லை, பேருந்து இல்லை. வந்ததும் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவர், யாரும் குழாயடிப் பக்கம் போகவேண்டாம் என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு மெயினை நிறுத்தினார். மோட்டார் இணைப்பில் எர்த் ஒயர் எங்கோ அறுந்து பல காலமாகியிருந்தது. மோட்டாரில் கசிவு ஏற்பட்டால் இரும்புக் குழாயைத் தொடும் பிள்ளையின் உடல் வழியாகத்தான் மின்சாரம் பூமிக்குப் போயிருக்கும். எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் ஈரக் கையோடு தொடும் குழாய் அது.

அன்று முழுவதும் அவர்கள் செய்தது அந்த ஒரு வேலைதான். பள்ளிக்குப் பின்புறம் குழி வெட்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, புதிய எர்த் இணைப்புக் கொடுத்தார்கள். அடுத்த முறை வந்தபோது கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவியைப் பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும், கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றவும் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நிறுவனங்களின் ஊழியர்கள் எங்கள் பள்ளிக்குச் செய்த அனைத்திலும் பெரிய நன்மை அந்தக் குழிதான் என்று கருதுகிறேன். புகைப்படம் எடுத்தால் அதில் ஒரு சிமெண்டு மூடி மட்டும்தான் தெரியும்.

இனி ஆர்.ஓ. இயந்திரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இரு மாவட்ட மக்களும் ஃபுளோரைடு இல்லாத காவிரி நீரைப் பெறுவதற்காக வந்த திட்டம் அது. எங்கள் ஊருக்கும் அந்தத் தண்ணீர் வருகிறது. ஆனால் நாள்தோறும் வருவதில்லை. வராத நாட்களில் பள்ளி ஆழ்துளைக் கிணற்றைத்தான் நம்பியிருந்தது. அந்த நிலையில் 2019-இல் வந்த இயந்திரம் உண்மையிலேயே தேவையான பொருள். ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ஓராண்டு உத்தரவாதம் இருந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஓடாமல் கிடந்த இயந்திரத்தைத் தொடங்கியபோது தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, சுவையும் கெட்டிருந்தது. கொடுத்தவர்களின் எண்ணுக்கு அழைத்தேன். பொறுப்பிலிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். விற்றவரின் எண் இயங்கவில்லை. இயந்திரத்தின் மேல் இருந்த நன்கொடையாளர் பலகை மட்டும் பளபளப்பு மாறாமல் இருந்தது.

எங்கள் முன்னாள் மாணவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், மெஷின் நல்லாத்தான் இருக்குது. மெம்பரேன் அடைச்சிருச்சு, ஃபில்டரை யாரும் மாத்தல, அவ்வளவுதான்" என்றார். ஆர்.ஓ. இயந்திரத்தில் முதலில் மண்ணையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டிகளும், அவற்றுக்குப் பின் உப்புகளைப் பிரிக்கும் மெம்பரேனும் இருக்கின்றன. முன்னால் உள்ளதைக் காலத்தில் மாற்றாவிட்டால் பின்னால் உள்ள விலை உயர்ந்த மெம்பரேன் கெடும். ஓடாமல் தண்ணீர் தேங்கிக் கிடந்தாலும் கெடும். இது தெரியாத எவரும் அவர்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கமாட்டார்கள். எனக்கோ இதை அதுவரை எவரும் சொன்னதில்லை.

மெம்பரேனுக்கான பணத்தை நிறுவனம் கொடுத்தது. வேலையை இவர்கள் செய்தார்கள். அதோடு நிற்காமல், தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் தொங்கவிடும் பராமரிப்பு அட்டையைப் போலவே ஒன்றைத் தமிழில் எழுதி எங்கள் இயந்திரத்தில் தொங்கவிட்டார்கள். எந்த மாதம் எந்த வடிகட்டியை மாற்றவேண்டும், யார் மாற்றினார், அடுத்தது எப்போது என்ற விவரம் அதில் இருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து அட்டையில் எழுதும் பொறுப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்றார்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண் ஊழியர், டி.டி.எஸ். மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டுமே தவிர ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது என்று பிள்ளைகளுக்கு விளக்கி, ஃபுளோரைடு சோதனைக்கான சிறு பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கரைசலைச் சில துளிகள் விட்டால், ஃபுளோரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறும். கிணற்று நீர் மஞ்சளானது. ஆர்.ஓ. நீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. வாயை மூடிச் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்த அந்தப் பெண், அப்போது ஏழாம் வகுப்பு, இரண்டு குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஆறு மாதங்கள் நான் வாயால் சொன்னதை அந்தக் குப்பிகள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டன.

அந்தக் குப்பிச் சோதனையை மட்டும் நம்பாமல், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கும் நீர் மாதிரி அனுப்பினோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி, குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கிணறு இரண்டாவது வரம்பையும் தாண்டியிருந்தது. இயந்திரம் ஒதுக்கித்தள்ளும் கழிவு நீரில் ஃபுளோரைடு இன்னும் செறிந்திருக்கும் என்பதால், அதுவரை காய்கறித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் குழாயைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த அளவுக்கு யோசித்துச் செய்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாடம் நடத்திய பகுதி இவ்வளவு சிறப்பாக இல்லை. விருப்பமுள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித்தருவதாகத் தொடங்கினார்கள். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையையும் சரளமாகப் படிக்கும் பிள்ளையையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலையறிந்து குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அவர்களுக்குத் தெரியாது; தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. இரண்டு மாதத்தில் வருகிற பிள்ளைகள் குறைந்தார்கள். நான் குழுவின் பொறுப்பாளரை அழைத்து, கற்பிப்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள், உங்கள் கையில் இருப்பதைக் காட்டுங்கள் என்று சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. அடுத்த முறை அளவுநாடா, வெர்னியர், இரும்பு அளவுகோல்களோடு வந்தார்கள். ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே அளவீடுகள்தான். வகுப்பறையை அளந்து, மேசையை அளந்து, ஒரே கோலை மூன்று கோணங்களில் பார்த்து மூன்று அளவுகளை எழுதி, இடமாறு தோற்றப் பிழை என்று புத்தகத்தில் இருப்பது இதுதானா என்று பிள்ளைகள் வியந்தார்கள். முப்பது ஆண்டுகள் அறிவியல் நடத்திய நானும் அன்று பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். இந்தக் குழுவில் பெரும்பாலோர் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்தவர்கள் என்பதால் தமிழில் புரியாததை அவரவர் மொழியில் சொல்லிக்கொடுத்தார்கள். பெருநகரங்களிலிருந்து பேருந்தில் வந்த எந்தக் குழுவாலும் இது முடிந்ததில்லை. இரண்டாம் ஆண்டில் பெண் ஊழியர்கள் நான்கு பேர் சேர்ந்தபின் மாற்றம் இன்னும் கூடியது. எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு முடிந்தால் உயர்நிலைப்பள்ளிக்குப் பேருந்தேற வேண்டும். அந்த இடத்தில்தான் பெண் பிள்ளைகளின் படிப்பு அறுகிறது, கல்யாணப் பேச்சும் தொடங்குகிறது. மேல்நிலை வரை படித்துத் தொழிற்சாலையில் சேர்ந்து, பணியிலிருந்தபடியே டிப்ளமோ படிக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர், சீருடையோடு தாய்மார்கள் நடுவில் உட்கார்ந்து, தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைப்பதைச் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தையும் அவரே விளக்கினார். கூட்டம் முடிந்தபிறகு ஒரு தாய் என்னிடம் வந்து, ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டார். அதற்கு முந்தைய மாதம் வரை அவர் மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கவே வராதவர்.

மரக்கன்றுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இவர்கள் புரட்டாசியில் பன்னிரண்டு கன்றுகள் நட்டார்கள். புங்கனும் வேம்பும் புளியும். இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் மரச்சட்டங்களால் கூண்டு செய்து வைத்தார்கள். பத்து நிற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லியாகவேண்டும். பள்ளிகளுக்கு அது தெரிந்திருந்தால் கேட்கவேண்டியதைச் சரியாகக் கேட்க முடியும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆனால் ஊழியர்கள் கொடுக்கும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்த 2 விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2016-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே எங்கள் பள்ளிக்கு மெம்பரேன் வாங்கிய பணம் சட்டக் கடமையின் ஒரு பகுதியாக இருக்கலாம். அதைப் பொருத்திய கைகளின் உழைப்பு எந்தக் கடமையிலும் சேராது. அந்தத் தொழிற்சாலை இந்தச் சனிக்கிழமைகளுக்காக ஊழியர்களுக்கு மாற்று விடுப்புக் கொடுக்கிறது. சட்டம் கேட்காததைக் கொடுப்பதால்தான் அதை நான் இவ்வளவு மதிக்கிறேன். சட்டம் வருவதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் இத்தகைய பணிகள் இருந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் 1996-இலேயே தொடங்கப்பட்டது.

சட்டத்தில் இன்னொரு செய்தி, ஆர்.ஓ. இயந்திரம் போன்றவற்றுக்கு நேரடியாகப் பயன்படுவது. நிதியாண்டு முடிவில் செலவாகாத தொகையை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமையில்லை. தொடர் திட்டம் என்று அறிவிக்கப்படாத தொகையை ஆறு மாதங்களுக்குள் அரசு குறித்துள்ள நிதியங்களில் ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும். எங்களுக்கு மார்ச் மாதங்களில் திடீர்த் தொலைபேசி அழைப்புகள் வருவதும், ஒரு வாரத்தில் விழா வைக்கவேண்டும் என்று அவசரப்படுத்துவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தொடர் திட்டமாக அறிவித்தாலோ, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை அதைக் கொண்டுசெல்லலாம். இயந்திரத்தைக் கொடுக்க முன்வரும் நிறுவனத்திடம், வடிகட்டியும் மெம்பரேனும் நீர்ச் சோதனையும் அடங்கிய தொடர் திட்டமாக எழுதித்தாருங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழு கேட்கலாம், கேட்கவேண்டும். 2019-இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் எங்கள் இயந்திரம் அப்படிக் கிடந்திருக்காது.

இந்தச் சேவையின் குறைகளையும் சொல்லவேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் நிதியாண்டு முடியும் மார்ச்சிலும் உற்பத்தி நெருக்கடியால் அவர்கள் வருவதில்லை. இரண்டு முறை சொல்லாமல் நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் பதினோரு மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போவது, வராமலேயே இருப்பதைவிடப் பிள்ளைகளை அதிகம் வருத்துகிறது. இதைக் கண்டிப்பாகச் சொன்னபிறகு, வராத சனிக்கிழமைகளை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். நிறுவனத்தின் அறிக்கைப் படிவம் இன்னொரு குறை. பயனடைந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்றுதான் அதில் கேட்கிறார்கள். எர்த் குழிக்குப் பயனாளிகள் எத்தனை பேர் என்று எழுதுவது? நான் ஒவ்வொரு முறையும் பள்ளியின் மொத்த எண்ணிக்கையான 110-ஐ எழுதினேன். ஆனால் அந்த எண்ணால் அதன் மதிப்பு தலைமை அலுவலகத்துக்குப் புரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உயர் அலுவலர் ஒருவர் பார்வையிட வந்த நாளில், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வரவேற்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வெளியிடக்கூடாது, ஆசிரியரோ மேலாண்மைக் குழுத் தாய்மார்களில் ஒருவரோ உடனிருக்காமல் எந்தத் தன்னார்வலரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடாது, வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் நிபந்தனையில் சற்று முணுமுணுத்தார்கள்; மற்ற இரண்டையும் மனமுவந்து ஏற்றார்கள்.

நான் மிகவும் கவலைப்படும் குறை வேறொன்று. இத்தகைய சேவைகள் தொழிற்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய ஊர்களோடு நின்றுவிடுகின்றன. நிறுவனங்கள் தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டை அமைத்த பிறகு ஓசூர் வளர்ந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் எங்கள் பக்கம் வந்துவிட்டது. தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலையிலும் சித்தேரியிலும் பென்னாகரத்தின் உட்கிராமங்களிலும் உள்ள பள்ளிகளுக்கு, பெற்றோர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட, தாத்தா பாட்டியோடு இருக்கும் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு, அறுந்த எர்த் ஒயரைப் பார்க்க யார் வருகிறார்கள்? எங்கள் மாவட்டத்திலேயே அஞ்செட்டிக்கு அப்பால் போகிறவர்கள் குறைவு. ஓசூர்த் தொழிற்சாலைகள் ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு நாட்கள் தங்கி மலைப்பள்ளிகளின் மின்னிணைப்பையும் குடிநீரையும் சோதிக்கும் வேலையையாவது தங்கள் பராமரிப்புப் பிரிவினரிடம் ஒப்படைக்கலாம். ஊழியர்களின் திறமை ஏற்கெனவே இருக்கிறது. வண்டியும் விடுப்பும் மட்டும்தான் வேண்டும். எங்கள் குழுவின் பொறுப்பாளரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டால், பழுது நீக்கல், குடிநீர், பெண் பிள்ளைகளுக்கான கலந்துரையாடல் மூன்றுக்கும் ஐந்து. பாடம் நடத்தியதற்கு, திசை மாற்றிய பிறகு, மூன்று. ஒழுங்காக வருவதற்கு மூன்றரை. சுவருக்கு வண்ணம் பூச வருகிறோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கும் இந்தச் சேவைக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும் தலைமையாசிரியருக்கு, யோசிக்காமல் இதைப் பரிந்துரைப்பேன். தொழிற்சாலைகள் அருகில் இல்லாத பள்ளிகள், மாநில அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டத்தின் வழியாகத் தங்கள் தேவையைப் பதிவு செய்யலாம். பதிவு செய்யும்போது "குடிநீர் வசதி" என்று பொதுவாக எழுதாமல், எந்த இயந்திரம், என்ன பழுது, ஆண்டுக்கு எத்தனை வடிகட்டி என்பது வரை எழுதுங்கள். முன்னாள் மாணவர்களில் யார் எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்ற பட்டியலையும் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கதவைத் திறந்தது அப்படி ஒருவர்தான்.

சென்ற மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். புதிய தலைமையாசிரியர் இயந்திரத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினார். முதல் இரண்டு அட்டைகளும் நிரம்பி, மூன்றாவது அட்டை தொங்குகிறது. திங்கட்கிழமை அளவுகள் இடைவெளியில்லாமல் இருந்தன. அடுத்த மெம்பரேன் மாற்றவேண்டிய மாதத்துக்கு நேரே, பென்சிலால், நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிய தேதி எழுதியிருந்தது.